பால் கணக்கும் தன்வரலாறும்

1972ஆம் ஆண்டு மேரிகோல்ட் லிண்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் தன்மீதே ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். அன்றன்று நடந்தவற்றில் குறைந்தது இரண்டையாவது சுருக்கமாக எழுதித் தேதி போட்டு வைப்பார். மாதம் ஒரு முறை, சேர்ந்திருக்கும் குறிப்புகளைக் கலைத்துச் சிலவற்றை உருவுவார். தேதியைப் பார்க்காமல் வாசகத்தை மட்டும் படிப்பார். இது நினைவிருக்கிறதா? எப்போது நடந்தது? இது முந்தியா, அது முந்தியா? பதில்களைக் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் தேதியோடு ஒப்பிடுவார். இப்படி ஆறு ஆண்டுகள். முடிவில் 5,500 குறிப்புகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

பரிசோதிக்கப்படுபவர் ஒரே ஆள், பரிசோதிப்பவரும் அவரே. இது என்ன அறிவியல் என்று கேட்கலாம். நினைவாற்றல் ஆய்வு பிறந்ததே அப்படித்தான். ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட புகழ்பெற்ற மறதிக் கணக்கு, பொருளற்ற அசைகளை அவர் ஒருவரே உருப்போட்டு, எத்தனை நேரத்தில் எவ்வளவு போகிறது என்று அளந்து கண்டது. ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடும். அதன் பிறகு போகிற வேகம் குறையும். ஆனால் நாம் யாரும் பொருளற்ற அசைகளில் வாழ்வதில்லை. ஒருவருடைய சொந்த நாட்கள் எப்படி மறந்துபோகின்றன என்று அளக்க வேண்டுமானால், உண்மையில் நடந்தது இதுதான் என்பதற்கு அன்றே எழுதிய சான்று வேண்டும். அதாவது டைரி வேண்டும்.

லிண்டனின் கணக்கு எபிங்ஹாஸின் கணக்கைப் போல் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 சதவீதம் என்று நிதானமாக, ஏறக்குறைய ஒரே சீராக, அவருடைய குறிப்புகள் அவருக்கே அந்நியமாகிக்கொண்டு வந்தன. மறதி இரண்டு வழியில் வந்தது. ஒன்று நாம் எல்லோரும் அறிந்தது. குறிப்பைப் படித்தால் யாருக்கோ நடந்தது மாதிரி இருக்கும். இரண்டாவது வழிதான் எழுத நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது. வெளியூரில் நடக்கும் ஒரு குழுக் கூட்டத்துக்கு அவர் அவ்வப்போது போய்வந்தார். முதல் பயணம் துல்லியமாக நினைவில் நின்றது. போகப் போக எல்லாக் கூட்டங்களும் ஒன்றோடொன்று கலந்து, கூட்டம் என்றால் இப்படி இருக்கும் என்ற ஒரு பொதுச் சித்திரம் மட்டும் மிஞ்சியது. எந்தக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார், எந்த மேஜையில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார் என்பதெல்லாம் கரைந்துவிட்டன.

மூளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது நல்ல சிக்கனம். ஆயிரம் முறை ஏறிய பஸ்ஸை ஆயிரம் நினைவுகளாக வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் நம் வாழ்வின் பெரும்பகுதி இந்த வகையில்தான் சேர்கிறது. அம்மா இட்லி ஊற்றிய காலைகள், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரோடு குடித்த டீ, பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போன வழி. தினமும் நடந்தவை என்பதாலேயே அவை தனித்தனியாக நிற்பதில்லை. தன்வரலாறு எழுத உட்காரும் பெரும்பாலோர் கல்யாணம், வேலை, வீடு, இடமாற்றம், சாவு என்று ஐந்தாறு மைல்கற்களைச் சொல்லிவிட்டு நடுவில் என்ன எழுதுவது என்று திகைப்பதற்குக் காரணம் எழுத்துத் திறமைக் குறைவு அல்ல. நடுவில் இருந்ததெல்லாம் ஒன்றாகக் கரைந்துபோயிருக்கிறது.

லிண்டனின் வேலையை இன்னும் இறுக்கிச் செய்தவர் நெதர்லாந்தின் வில்லெம் வாகெனார். அவரும் ஆறு ஆண்டுகள் எழுதினார்; சுமார் 2,400 நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றையும் யார், என்ன, எங்கே, எப்போது என்று நான்கு கூறாக உடைத்துக் குறித்தார். கூடவே ஒரு கேள்வி. அந்த நிகழ்ச்சியை உண்மையிலேயே நினைவுகூர்ந்தால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய சிறு விவரம் ஒன்றைப் பற்றியது அது. 1986இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரையில் ஒரு மாதிரிப் பதிவு வருகிறது. 1983 செப்டம்பர் 10, சனிக்கிழமை, மிலான் நகரத்து தேவாலயம் ஒன்றில் லியொனார்டோ டா வின்சி வரைந்த கடைசி இராவுணவுக் காட்சியைப் பார்க்கப் போயிருக்கிறார். அதற்கான கேள்வி, கூட வந்தவர்கள் யார் என்பது. பதில்: எலிசபெத் லாஃப்டஸ், ஜேம்ஸ் ரீசன். முதலாமவர், சாட்சிகளின் நினைவை ஒரு கேள்வியின் வாசகத்தாலேயே திரித்துவிட முடியும் என்று காட்டியவர். இரண்டாமவர் மனிதத் தவறுகளை ஆராய்ந்தவர். நினைவின் ஓட்டைகளைத் தேடுவதையே தொழிலாகக் கொண்ட மூன்று பேர் சேர்ந்து ஓவியம் பார்க்கப் போன நாளை அவர்களில் ஒருவர் எழுதி வைத்தது நல்லதாயிற்று.

பரிசோதனையில் வாகெனார் இந்த நான்கு கூறுகளில் ஒன்றை மட்டும் முதலில் பார்ப்பார். மற்றவற்றை நினைவிலிருந்து சொல்லப் பார்ப்பார். முடியாவிட்டால் இன்னொரு கூறு, பிறகு இன்னொன்று. 'என்ன' என்பதே மிக நன்றாக வேலை செய்தது. 'யார்', 'எங்கே' இரண்டும் அதற்கு அடுத்தபடி. 'எப்போது' மட்டும் தனியாகக் கொடுத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே வரவில்லை. டைரிக் கம்பெனிகள் பக்கத்தின் தலையில் பெரிதாக அச்சடித்துத் தருவது எதுவோ, அதுதான் மனத்துக்கு மிகக் குறைவாக உதவுவது. தேதி வரலாற்றுக்குத் தேவை, பின்னால் வருபவர்களுக்குத் தேவை. எழுதியவரை அந்த நாளுக்குத் திரும்ப அழைத்துப் போவது ஆளும் இடமும் காரியமும்தான்.

அவர் செய்த இன்னொரு காரியம் அதைவிட முக்கியம். நான்கு கூறையும் பார்த்த பிறகும் எதுவுமே நினைவுக்கு வராத பதிவுகள் சில இருந்தன. அவற்றில் வேறு ஆள் சம்பந்தப்பட்ட பத்து நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, அந்தந்த ஆளிடமே போய்க் கேட்டார். அவர்கள் கூடுதலாக ஒரு விவரம், இரண்டு விவரம் சொல்ல, பத்தும் திரும்பி வந்தன. முழுவதும் அழிந்துவிட்டது என்று நினைத்தது அழியவில்லை. எட்டும் வழிதான் இல்லாமல் இருந்தது.

மறப்பது இருக்கட்டும். மறக்காமல் நிற்பவையாவது சரியாக நிற்கின்றனவா?

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் எங்கே இருந்தீர்கள், யார் சொல்லிக் கேள்விப்பட்டீர்கள் என்று கேட்டால், அப்போது விவரம் தெரிந்த வயதில் இருந்த பெரும்பாலான தமிழர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள். இதே மாதிரிக் கேள்வியை அமெரிக்காவில் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் சோதித்தார்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையே எமரி பல்கலைக்கழக மாணவர்கள் 106 பேரிடம், செய்தியை எங்கே, எப்படி, யார் மூலம் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். சுமார் இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரைப் பிடித்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். 7 மதிப்பெண்ணுக்குச் சராசரி 3ஐக்கூடத் தொடவில்லை. நான்கில் ஒருவர் எடுத்தது பூஜ்யம். முழு மதிப்பெண் எடுத்தவர்கள் மூன்றே பேர். ஒரு மாணவி மறுநாள் எழுதியது, மத பாட வகுப்பில் இருந்தபோது சிலர் உள்ளே வந்து பேசிக்கொண்டதைக் கேட்டேன் என்று. இரண்டரை ஆண்டு கழித்து அவர் சொன்னது, விடுதி அறையில் தோழியோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது என்று. அவர் பொய் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து அறைக்குப் போய் டிவியில் பார்த்ததும் நடந்ததுதான். பார்த்தது முன்னால் வந்துவிட்டது, கேட்டது கழன்றுவிட்டது.

இதில் கலங்க வைப்பது மதிப்பெண் அல்ல, நம்பிக்கை. தப்பாகச் சொன்னவர்களில் பலரும் மிகுந்த நிச்சயத்தோடு சொன்னார்கள். அவர்கள் கையால் எழுதிய பழைய தாளைக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை. சிலர் தங்கள் எழுத்தைவிட்டுவிட்டு இப்போதைய நினைவின் பக்கமே நின்றார்கள்.

ஏன் இப்படி? மூளையில் ஒரு நாள் முழுதாக ஓரிடத்தில் பதிவாகி இருப்பதில்லை. பார்த்தது, கேட்டது, மணம், பயம் எல்லாம் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் கிடக்கின்றன. இவை ஒன்றோடொன்று சேர்ந்தவை என்ற இணைப்பை முதலில் வைத்திருப்பது, காதுக்கு உட்புறமாக ஆழத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸ். நினைத்துப் பார்ப்பது என்பது இந்தத் துண்டுகளை மறுபடி கோர்ப்பது. துண்டு எங்காவது விட்டுப்போயிருந்தால், இப்படிப்பட்ட இடத்தில் வழக்கமாக என்ன இருக்குமோ அதை வைத்து மூளை நிரப்பிக்கொள்ளும். நிரப்பியதற்கு அடையாளம் எதுவும் வைக்காது. பிரிட்டனின் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இலேயே, நினைவுகூர்வது எடுத்து வைப்பதல்ல, கட்டி எழுப்புவது என்று வாதிட்டார். 2000ஆம் ஆண்டில் கரீம் நாடர் முதலானோர் எலிகளின் பய நினைவை ஆராய்ந்து இன்னொன்றைக் காட்டினார்கள். நன்றாக உறைந்துவிட்ட நினைவைக்கூட மறுபடி தூண்டினால் சிறிது நேரம் அது இளகி நிற்கிறது. அந்த நேரத்தில் புரத உற்பத்தியைத் தடுத்தால் நினைவு குலைகிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதர்மீது ஏற்ற முடியாது. இருந்தாலும், அடிக்கடி சொல்லும் கதை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் மெருகேறுவதை எந்தக் குடும்பத்தில் பார்க்காமல் இருக்கிறோம்?

டைரியும் பொய் சொல்லும். எழுதியவருக்கு அன்றிருந்த கோபம், பயம், யாராவது படித்துவிடுவார்கள் என்ற ஜாக்கிரதை எல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஒரு முறை சொன்னதை அது பிறகு மாற்றிச் சொல்லாது. நினைவுக்கு இல்லாத குணம் அது. தன்னைப் பற்றி எழுத நினைப்பவருக்கு டைரியின் முதல் பயன் மன ஆறுதல் அல்ல, சாட்சி என்பது என் கட்சி. ஆறுதல் தரும் என்று சொல்லப்படுவதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் சாட்சிக்கு ஒரு நல்ல உதாரணம்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல், 1761 ஜனவரியில் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். அங்கே பிரெஞ்சு கவர்னராக இருந்த துப்ளேயின் அரசியலை அறிய அதைப் புரட்டாத வரலாற்றாசிரியர் இல்லை. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது. பிள்ளை வணிகர். என்ன கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, யார் யாருக்கு என்ன பரிசு கொடுத்தார், கவர்னர் வீட்டு வாசலில் யார் என்ன கிசுகிசுத்தார் என்று கணக்குப் பேரேடு எழுதும் கைதான் அதையும் எழுதியது. தன் உள்ளத்தின் ஆழங்களைப் பற்றி அவர் பக்கம் பக்கமாகப் புலம்பியிருந்தால் இன்றைக்கு யார் படிப்பார்கள்? ஆனாலும் அவருடைய அகந்தை, பதவி ஆசை, போட்டியாளர்மீதான எரிச்சல் எல்லாம் அந்தக் கணக்குகளுக்கு நடுவில் தெரியத்தான் செய்கின்றன.

இன்னொரு பக்கம் உ.வே.சாமிநாதையர். 'என் சரித்திரம்' 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியபோது அவருக்கு வயது 85ஐ நெருங்கியிருந்தது; 1942இல் மறையும் வரை எழுதினார், முடியவில்லை. அறுபது, எழுபது ஆண்டுக்கு முந்தைய ஊர், ஆள், உணவு என்று அந்த நூல் நிறைந்து நிற்பதைப் பார்த்து, என்ன ஞாபக சக்தி என்று வியப்போம். ஞாபக சக்தி இருந்தது, சரி. தமக்கு வந்த கடிதங்களைத் தாள் தாளாகப் பத்திரப்படுத்தியவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளுக்கு வருவோம். உரக்கடையோ நகைக்கடையோ மருந்துக் கம்பெனியோ கொடுத்த டைரி ஜனவரி 1 அன்று மிக அழகான கையெழுத்தில் தொடங்கும். புத்தாண்டு உறுதிமொழி, ஒரு பொன்மொழி, மனசு பற்றி நாலு வரி. பொங்கல் தாண்டாது. பிப்ரவரியில் அதே டைரி பால் கணக்குக்குப் போய்விடும். வழக்கமாக இதைத் தோல்விக் கதையாகச் சொல்வோம். லிண்டனையும் வாகெனாரையும் படித்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'பால் 1 லி. 14ஆம் தேதி 3 லி., சம்பந்தி வீட்டார் வந்தது. 19 முதல் 22 வரை பால் இல்லை, ஊருக்குப் போனது' என்ற இரண்டு வரியில் யார் வந்தார்கள், என்ன நடந்தது, எங்கே போனோம் மூன்றும் இருக்கின்றன. ஜனவரி 1ஆம் தேதி எழுதிய மனசு பற்றிய நாலு வரியில் ஒன்றும் இல்லை. எந்த ஆண்டின் எந்த நாளுக்கும் அது பொருந்தும்.

2014இல் ஹார்வர்டைச் சேர்ந்த டிங் ஜாங் முதலானோர் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கபலம். மாணவர்களை, கடைசியாக யாரோடு என்ன பேசினேன், அண்மையில் கேட்ட பாட்டுகள் எவை என்பது போன்ற சாதாரண விஷயங்களை எழுதி வைக்கச் சொன்னார்கள். சில மாதம் கழித்து இதைப் படிக்க உங்களுக்கு எவ்வளவு ஆவலாக இருக்கும் என்றும் கேட்டார்கள். பெரிதாக இருக்காது என்றார்கள். மாதங்கள் கழித்துப் படித்தபோது அவர்கள் கணித்ததைவிட ஆவல் அதிகமாக இருந்தது. இன்னொரு சோதனையில் காதலர் தினத்தையும் ஒரு சாதாரண நாளையும் ஒப்பிட்டார்கள். விசேஷ நாளைப் பற்றிய கணிப்பு அவ்வளவாகத் தப்பவில்லை. சாதாரண நாள் தரும் மகிழ்ச்சியைத்தான் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். எது பின்னாளில் மதிப்புப் பெறும் என்று இன்றைக்குச் சொல்வதில் நாம் கெட்டிக்காரர்கள் இல்லை. கல்யாணத்துக்கு ஆல்பம் இருக்கிறது; செவ்வாய்க்கிழமைக்கு யார் ஆல்பம் போடுகிறார்கள்?

இனி ஆறுதல். எழுதினால் மனப்பாரம் இறங்கும், உடம்புக்கும் நல்லது என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வு. 1986இல் அவரும் சாண்ட்ரா பீலும் 46 கல்லூரி மாணவர்களை, தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுத வைத்தார்கள். சிலருக்கு அற்பமான தலைப்பு. மற்றவர்களுக்குத் தங்கள் வாழ்வின் மிகக் கசப்பான அனுபவம். கசப்பை எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்தது, ரத்த அழுத்தமும் ஏறியது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்களுக்கும், நிகழ்ச்சியை மட்டும் ஒப்பித்தவர்களுக்கும் அந்த அளவு பலன் தெரியவில்லை. பிற்பாடு அவர் அந்தக் கட்டுரைகளின் சொற்களைக் கணினியால் எண்ணிப் பார்த்தார். முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குள் 'ஏனென்றால்', 'புரிந்தது', 'அதனால்' போன்ற சொற்கள் கூடியவர்களே அதிகம் தேறினார்கள். அழுகை அல்ல, அழுகையின் காரணம் பிடிபடுவதுதான் மருந்து.

அதன் பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன. 2006இல் ஜோவான் ஃப்ராட்டரோலி 146 ஆய்வுகளைத் திரட்டி மொத்தமாகக் கணக்கிட்டார். பலன் உண்டு, ஆனால் சிறியது. சராசரித் தொடர்பு 0.075தான். பத்திரிகைத் தலைப்புகள் சொல்லும் அற்புதம் அதில் இல்லை. சிலருக்கு எழுத்து கெடுதலும் செய்கிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பாராவும் கூட்டாளிகளும் அண்மையில் துணையைப் பிரிந்த 90 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இது. 'எனக்கு ஏன் இப்படி ஆனது' என்று ஓயாமல் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தவர்களை உணர்ச்சிகளை எழுதச் சொன்னபோது அவர்கள் நிலைமை மோசமானது. அதே மாதிரி ஆட்களில், அன்றைய பொழுதை எப்படிச் செலவழித்தேன் என்று உணர்ச்சி கலக்காமல் எழுதியவர்கள் அவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஒப்பிட்டுப் பார்க்கவென்று சும்மா கொடுத்த வேலை அது. பால் கணக்கு ஜெயித்த இடம் என்று இதைச் சொன்னால் ஸ்பாரா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். துக்கம் புதிதாக இருக்கும்போது அதைத் தினமும் தோண்டி எழுதுவதைவிட அன்றைக்கு என்ன சமைத்தோம் என்று எழுதுவது மேல். தூக்கமே போகிற அளவு துயரம் என்றால் நோட்டுப் புத்தகம் போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

டைரி எழுதினால் அல்சைமர் வராது என்ற வாட்ஸ்அப் செய்தியும் உலவுகிறது. அதன் வேர் அமெரிக்கக் கன்னியாஸ்திரிகள் 678 பேரை வைத்து டேவிட் ஸ்னோடன் நடத்திய ஆய்வு. 1930களில் இளம் சகோதரிகளாக இருந்தபோது அவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் வாழ்க்கையை ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அறுபது ஆண்டு கழித்து அந்தத் தாள்களை எடுத்து, பத்துச் சொல்லுக்கு எத்தனை கருத்து என்று எண்ணினார்கள். 1996இல் வெளியான முடிவில், இறந்தபின் மூளையைச் சோதித்த 14 சகோதரிகளில் அல்சைமர் உறுதியானவர்கள் எல்லோருமே இளமையில் கருத்துச் செறிவு குறைந்த தாளை எழுதியவர்கள். செறிவாக எழுதியவர்களில் ஒருவருக்கும் இல்லை. அசர வைக்கும் முடிவுதான். ஆனால் செறிவாக எழுதியதால் மூளை தப்பியது என்று இதற்குப் பொருள் இல்லை. இருபது வயதில் நன்றாக வளர்ந்திருந்த மூளை நன்றாக எழுதியிருக்கலாம், அதே மூளை நோயையும் தாங்கியிருக்கலாம். எழுதுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. இல்லாத மருத்துவக் குணத்தை ஏற்ற வேண்டாம்.

எழுத்தை விடாமல் தொடர்வது எப்படி? 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்பார்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை நிபுணர், நோயாளிகளுக்குத் தங்கள் புதிய முகம் பழகக் குறைந்தது அத்தனை நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதியது ஊர் சுற்றி இப்படி ஆகிவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலி 96 பேரை 12 வாரம் கவனித்து, அந்தப் போக்கை நீட்டிக் கணக்கிட்டபோது, ஒரு புதிய செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று தெரிந்தது. நடு மதிப்பு 66. அவர் பார்த்தது தண்ணீர் குடிப்பது, பழம் தின்பது, உடற்பயிற்சி போன்றவை, டைரி அல்ல. இருந்தாலும் இரண்டு விஷயம் நமக்கு உதவும். ஒன்று, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தின் வாலில் புதியதைக் கட்டிவிட வேண்டும். ராத்திரி பாத்திரம் ஒழித்துப் போட்டதும், வாசல் கதவைத் தாழ்போட்டதும் என்று. ஒன்பது மணிக்கு என்று கடிகாரத்தை நம்பினால் ஒன்பது மணி சீரியலில் போய்விடும். இரண்டாவது, ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. லாலியின் ஆட்களில் ஒரு நாள் தவறியவர்களின் பழக்கம் அதனால் பின்தங்கவில்லை. டைரியை நிறுத்தியவர்களில் பலர் நிறுத்தியது நேரமில்லாமல் அல்ல என்றே நினைக்கிறேன். மூன்று நாள் வெற்றுப் பக்கத்தைப் பார்த்த குற்ற உணர்ச்சியில் நிறுத்துகிறார்கள். தேதி அச்சடிக்காத சாதாரண நோட்டு வாங்கினால் வெற்றுப் பக்கம் என்ற பேச்சே இல்லை. தேதியை நாமே ஓரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

எழுத வேண்டியது மூன்று வரி. 'பெரியம்மா வந்தாள். பிரஷர் மாத்திரை தீர்ந்து நாலு நாளாச்சாம், யாரிடமும் சொல்லவில்லை. முருங்கைக்காய் சாம்பார். சாயங்காலம் மழை, எட்டு மணி வரை கரண்ட் இல்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்து பெரியப்பாவின் சைக்கிள் கதை சொன்னாள்.' இதில் ஒரு உணர்ச்சிச் சொல்லும் இல்லை. இருபது ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அன்றைய ராத்திரி முழுதாகக் கிடைக்கும். வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களே என்று கவலைப்படுகிறவர்களுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, இதில் ஒரு வசதி உண்டு. காய்கறி விலையும் வந்துபோனவர் பெயரும் உள்ள நோட்டை யாரும் ஒளிந்து படிப்பதில்லை. 'நாலு நாளாச்சாம், யாரிடமும் சொல்லவில்லை' என்பதில் இருக்கும் கோபம் எழுதியவருக்கு மட்டும் தெரியும்.

இதைப் படித்துவிட்டு இன்றே ஒரு நோட்டு வாங்குகிறீர்களோ இல்லையோ, ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ பழைய கணக்கு நோட்டுகள், கம்பெனி டைரிகள், கல்யாண மொய் நோட்டு எதுவாவது கிடக்கும். பழைய பேப்பர்காரருக்கோ போகி நெருப்புக்கோ போகும் முன் அவற்றில் ஒன்றை எடுத்து, அதை எழுதியவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். வாகெனாருக்கே அது உதவவில்லை. இந்த மூன்று லிட்டர் பால் யார் வந்ததற்கு வாங்கியது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.